மரத்துக்கு ஒரு கேள்வி

"இது கள்ளி. மேலாக்க வெட்டினா ஒரு சொட்டுப் பால் தராது. அடுத்தது ஊமை, எப்படி வெட்டினாலும் அதே அரைச் சிரட்டைதான். அந்தா பாறைக்கு மேல நிக்குது பாரு, அது போன வருசம் மூணு தடவ சிரட்டையத் தொலைச்சிருச்சு. அதுக்கு மட்டும் கம்பிய ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டி வச்சிருக்கேன்."

அண்ணி கத்தி முனையால் ஒவ்வொரு ரப்பர் மரமாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். தேத்தண்ணிக் கேனும் ரொட்டியும் கையில் இருக்க நான் பின்னால் நடந்தேன். முதல் நாள் சாயங்காலம் நான் அவருக்குப் பரீட்சைப் புத்தகத்திலிருந்து பத்து வரி சொல்லிக்கொடுத்திருந்தேன். காலையில் கேட்டபோது மூன்று மிச்சம். ஏழு வரிகள் ஒரே ராத்திரியில் காணாமல் போயிருந்தன. ஆனால் இருநூற்றுச் சொச்சம் மரங்களின் குணமும் குற்றமும் அதே தலைக்குள் இருந்தன. யாரும் அவரை எழுதவைக்கவில்லை, ஒப்புவிக்கச் சொல்லவில்லை.

"அண்ணி, நில்லுங்க. இந்த மரம் எல்லாத்தையும் எப்பப் பாடமாக்குனீங்க?"

"மரத்தை யாராச்சும் பாடமாக்குவாங்களா? தேத்தண்ணிய ஊத்து புள்ள, ஆறுது."

நான் ஊற்றவில்லை. கள்ளி மரத்தின் முன்னால் நின்று, ஒவ்வொரு மரத்திலும் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அது என்ன பரீட்சை என்று சொல்லிவிட வேண்டும். கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, பிறகு கொஞ்சத் தூரம் நடந்தால் வருகிற ரப்பர் தோட்டம் எங்களுடையது. இங்கே பிள்ளைக்காம்பரா ஒன்று உண்டு. அம்மாக்கள் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயம்மா ஓய்வுபெறப் போகிறார். முன்பெல்லாம் மலை ஏற முடியாதவர்களில் யாரையாவது அந்த வேலைக்குப் போட்டுவிடுவார்கள். இந்தத் தடவை எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை இரண்டும் உண்டு என்று, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் அறிவித்தார்கள். அறுபது கேள்விகள் கொண்ட போட்டோ கொப்பிப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வது, எந்த மாதத்தில் எந்த ஊசி, எடைக் கார்டை எப்படி வாசிப்பது, இப்படி. இடம் ஒன்று, கேட்டவர்கள் மூன்று பேர்.

அண்ணி எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்த வேலை கிடைத்தால் மூன்றரை வயது மகளும் அவரும் பகல் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம். கிடைக்காவிட்டால் குவைத்தில் வீட்டுவேலை. அண்ணன் அதற்கான வேலையை ஆரம்பித்திருந்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே நாலு சுவர் கட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அது கெட்ட ஆசை என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை, அண்ணி உட்பட. பாஸ்போட்டுக்காக எடுத்த படங்கள் நான்கு அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. படத்தில் அண்ணி யாரோ திட்டிய மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ படிக்கட்டும், நான் வேணாங்கல," என்றான் அண்ணன். "ஆனா படமும் டின்னுல கெடக்கட்டும். பரீட்சைய நம்பி ரெண்டையும் விட்டுறக் கூடாது."

நான் அப்போது ஏ.எல் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். வீட்டில் படித்தவள் என்று ஒரு பெயர் இருந்தது. அதனால் சொல்லிக்கொடுக்கும் வேலை கேட்காமலே என் தலையில் வந்தது. நானும் கேட்காமலே துள்ளிக் குதித்து ஏற்றுக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே முறையைத்தான் முதலில் செய்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நோட்ஸ் சொல்வார்கள், எழுதுவோம். எழுதியதைப் பத்துத் தடவை எழுதுவோம். பிறகு வாசலில் முன்னும் பின்னும் நடந்து கத்துவோம். புவியியல் பாடத்தில் பருவக்காற்றைப் பற்றி நான்கு பக்கம் அப்படித்தான் ஏற்றினேன், அப்படித்தான் பரீட்சையில் இறக்கினேன். அது முடிந்து ஒரு மாதத்துக்குள், மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "ஏய் படிச்சவளே, இப்ப மழை எந்தப் பக்கத்துலயிருந்து வருது?" என்று கேட்டான். நான் யோசித்தேன். அவன் யோசிக்காமல் கையைக் காட்டினான். மழையும் அங்கிருந்துதான் வந்தது.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. அண்ணியையும் பத்துத் தடவை எழுதவைத்தேன். ஒரு வாரம் எழுதினார். வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு எழுதினார். கொப்பியை நீட்டியபோது சிரித்தார்.

"பாத்தியா, கையெழுத்துதான் அழகாயிருக்கு. தலைக்கு ஒண்ணும் ஏறல."

கள்ளி மரத்தின் முன்னால் நான் நின்றது அதற்கு அடுத்த நாள்.

திட்டம் இப்படி. அண்ணிக்கு இரண்டு பிளாக்குகள். இன்று ஒன்று, நாளை மற்றது என்று மாறி மாறி வெட்டுவார். ஏ பிளாக்கின் முதல் முப்பது மரங்களுக்கு முதல் முப்பது கேள்விகள். பி பிளாக்கின் முப்பது மரங்களுக்கு மிச்சம் முப்பது. அதில் கடைசிப் பத்தைப் பிறகு தொங்கவிடலாம் என்று விட்டுவைத்தேன். முதல் இரண்டு நாள் நான் கூடவே போய், ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் கேள்வியையும் பதிலையும் வாசித்தேன். மூன்றாம் நாளிலிருந்து புத்தகம் கிடையாது. பட்டையில் ஒட்டிய பழைய பாலை உரித்து, கத்தியை வைத்து, பால் வழிந்து சிரட்டைக்குள் விழுவதற்குள் பதிலைச் சொல்லிவிட வேண்டும். வராவிட்டால் பக்கத்தில் கிடக்கிற இலை ஒன்றைக் கம்பியில் செருகிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். காலை முழுதும் அந்தக் கேள்வி தொங்கட்டும். பத்து மணிக்கு மேல் பால் சேர்க்க வாளியோடு திரும்பி வரும்போது, இலை செருகிய மரங்களில் மட்டும் நான் பதில் சொல்வேன்.

கங்காணி இலைகளைப் பார்த்துவிட்டார்.

"என்னா இது, மரத்துக்குப் பூ வச்சிருக்கீங்க? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"படிக்குதுங்க," என்றார் அண்ணி.

"யாரு, மரமா?"

பக்கத்துப் பிளாக்கில் வெட்டுகிற அக்கா விடுவாரா? அங்கிருந்தே குரல் வந்தது. "எங்க பிளாக்குல நிக்கிறது எல்லாம் படிக்காத மரம் கங்காணி! அதான் பாலு நெறைய வருது!"

ஆனால் இலைகள் குறைந்தன. முதல் வாரம் பாதி மரங்களில் இலை இருந்தது. மூன்றாம் வாரம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணி, சாயங்காலமும் ஒரு சுத்துச் சுத்தலாம். தெனமும் அறுபதையும் கேக்குறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"தெனமும் வெட்டினா மரம் என்னாகும்? நாலு நாள் பாலு வரும், அப்பறம் பட்டை காஞ்சிரும். ஒரு நாளு விட்டாத்தான் ஊறும்."

"அது மரம் அண்ணி. நீங்க மரமா?"

"சாயங்காலத்துல நான் மரந்தான்."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். விட்டுவைத்திருந்த கடைசிப் பத்துக் கேள்விகளை மரத்தில் தொங்கவிடாமல், ஒரே சாயங்காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அண்ணி சலித்துப்போய் ரொட்டி தட்டிக்கொண்டே பதில் சொன்னார். கடைசியில் பத்தும் தடுக்காமல் வந்தன. மரத்தில் இருந்தவை அவ்வளவு சரளமாக வந்ததே இல்லை. "பாத்தீங்களா?" என்றேன். "பாத்தேன், பாத்தேன்," என்றார்.

அன்று பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. மழையில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரம் முழுக்க வழியும். நான்கு நாளும் நாங்கள் புத்தகத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. பி பிளாக்கில் மரத்தில் தொங்கிய இருபது கேள்விகளும் தட்டுத்தடுமாறி, முகத்தைச் சுளித்து, நாக்கைக் கடித்து, ஆனால் வந்துவிட்டன. ஒரே சாயங்காலத்தில் தடுக்காமல் சொன்ன பத்தில் இரண்டுதான் மிஞ்சியிருந்தது.

அந்தப் பகல் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சுலபமாக வந்தது போய்விட்டது. கஷ்டப்பட்டு வந்தது நிற்கிறது. கொஞ்சம் மறந்து, அதைத் தேடி எடுக்கிற அந்தச் சிரமத்தில்தான் ஏதோ இருக்கிறதா? அப்படியானால் பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் எங்களை மறக்கவே விடாமல் கத்தவைத்தது எதற்கு? யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க யாரும் இல்லை. அண்ணியிடம் சொன்னேன். அவர் பாலில் விழுந்த எறும்பை எடுத்துக்கொண்டே, "அதத்தான் நானும் சொன்னேன்," என்றார்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிரட்டில் அண்ணியின் பெயரை வேறு பிளாக்கில் கூப்பிட்டார்கள். ஏ பிளாக் கிழட்டு மரங்களாம். வேரோடு பிடுங்கிப் புதுக் கன்று வைக்கப் போகிறார்களாம். அண்ணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு பிளாக். கங்காணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்ற எனக்கு முதல் முப்பது கேள்விகளும் மரத்தோடு போவது போல இருந்தது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையிலும் அதுதான் இருந்தது.

புது மரங்கள் அவருக்குப் பழக்கமில்லை. எது ஆழமாக வெட்ட வேண்டியது, எது லேசாக என்று தெரியாமல் இரண்டு மரத்தில் காயம் பண்ணிவிட்டார். கங்காணியிடம் ஏச்சு. கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

சாயங்காலம் லயத்தில் உட்காரவைத்து, "வலிப்பு வந்த பிள்ளைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அது பதினேழாம் கேள்வி.

அண்ணி கண்ணை மூடினார். வலது கை தானாக உயர்ந்து காற்றில் சரிவாக ஒரு வெட்டு வெட்டியது. பிறகு இன்னொன்று. உதடு அசைந்தது. அவர் முதல் மரத்திலிருந்து நடந்து வருகிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. ஒன்பதாவது மரத்தில் நின்றுவிட்டார்.

"அது அங்கயே நிக்குது புள்ள," என்றார் கண்ணைத் திறந்து. "நான் இங்க இருக்கேன்."

பி பிளாக் கேள்விகளையாவது பார்ப்போம் என்று வரிசை மாற்றிக் கேட்டேன். நாற்பத்திரண்டு, முப்பத்தைந்து, நாற்பத்தெட்டு. அவையும் வரவில்லை. வரிசையாகக் கேட்டால் வந்தன. ஒவ்வொரு பதிலும் முந்தைய மரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பரீட்சைத் தாளில் மரம் இருக்காது. நல்ல முறை என்று நான் துள்ளியதில், அவருக்கு மரங்களைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகும்போது அலமாரியில் இருந்த டின்னைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனான், கீழே விழுந்துவிடும் என்பது போல. எனக்கு முகம் தொங்கிவிட்டது.

"நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நான் யாருகிட்ட படிக்கிறது?" என்றார் அண்ணி. "வேற வழி என்னா, அதச் சொல்லு."

பழைய கலண்டர் தாள்களை வெட்டி அறுபது துண்டாக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. பதில் எங்கும் இல்லை. ஒரு சீலைப் பையில் போட்டுக் குலுக்கி, எங்கே போனாலும் கொண்டுபோனேன். பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது ஒன்று. அடுப்படியில் ஒன்று. கடைக்குப் போகிற வழியில் ஒன்று. ஒரே இடத்தில் ஒரே கேள்வி இரண்டு தடவை வராமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் பாதிக்கு மேல் சரியாக வரவில்லை. அண்ணி களைத்துப்போனார். நானும்தான்.

பீலியில் ஒரு நாள் பக்கத்துப் பிளாக்கு அக்கா குடத்தை வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எடுத்த துண்டை என்னிடம் நீட்டினார். "எனக்கு என்னா பரிசு விழுந்திருக்கு, பாரு."

வாசித்தேன். "வயித்தால போற குழந்தைக்கு முதல்ல என்ன குடுக்கணும்?"

"உப்புக் கரைசல். கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி," என்றார் அண்ணி படக்கென்று.

"அடி போடி," என்றார் அக்கா. "ஏற்கெனவே தண்ணியாப் போகுது. அதுக்கு மேல தண்ணிய ஊத்தினா இன்னும்ல போகும்? என் மூத்தவனுக்கு நான் ஒரு சொட்டுக் குடுக்கல."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புத்தகம் புள்ள பெத்துச்சா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார். ஏன் குடுக்கணும் என்று நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை. என்ன குடுக்கணும் என்பதைத்தான் ஏற்றினேன். பீலியில் அக்காவின் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. அடியில் எங்கோ கீறல். ஈரம் கசிந்து கல்லில் ஓடியது. அண்ணி அதையே பார்த்தார்.

"உங்க கொடம் ஒழுகுதுல்ல?"

"அது எப்பவும் ஒழுகுறதுதான்."

"ஒழுகுதேன்னு புடிக்காம விட்டுர்றீங்களா?"

"எப்படி விடுறது? வீட்டுக்குப் போறதுக்குள்ள காலியாயிரும்ல. இன்னுங் கொஞ்சம் சேத்துத்தான் புடிக்கணும்."

"அதான். புள்ளையும் அப்படித்தான். ஒழுகுறத அடைக்கிறது டொக்டர் வேலை. காலியாகாமப் பாக்குறது நம்ம வேலை."

அக்கா குடத்தைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "இத நீ அப்பவே சொல்லியிருக்கலாம்," என்று முணுமுணுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கினார். "என் மூத்தவன் பொழைச்சது சாமி புண்ணியம்."

அந்தக் கேள்வியை நான் அதற்குப் பிறகு வேண்டுமென்றே கேட்கவில்லை. ஐந்து நாள் கழித்துக் கேட்டேன். பதிலோடு காரணம், அக்காவின் குடம், எதிர்க்கேள்வி எல்லாம் சேர்ந்து வந்தன. மரமும் வேண்டியிருக்கவில்லை, வரிசையும் வேண்டியிருக்கவில்லை. அப்போதிருந்து முறையை மாற்றினோம். அண்ணி பதில் சொன்னதும் நான் அக்கா மாதிரி சண்டை பிடிப்பேன். "ஏன் அப்படி? நான் செய்ய மாட்டேன். எங்கம்மா அப்படிச் செய்யல." அவர் என்னை மடக்க வேண்டும். சில சமயம் நிஜமாகவே சண்டையாகிவிடும். சண்டை வந்த கேள்விகள் மறக்கவில்லை.

மாதாமாதம் பிள்ளையின் எடையைக் கோடாகக் குறிக்கிற எடைக் கார்டு மட்டும் மசியவில்லை. "கோடு மேல போகணும், படுத்தா கவனிக்கணும்," என்று தடுக்காமல் சொல்வார். ஆனால் கார்டைக் கையில் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. என்னோடு சண்டை பிடிக்கவும் அவருக்கு அதில் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் பெட்டியிலிருந்து அவர் மகளின் கார்டை எடுத்து விரித்தேன். "இதுல ஒரு எடம் சரியில்ல. எதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றேன்.

விரலை வைத்து மெல்ல ஏறினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த எடம் படுத்துக் கெடக்கு. இது எந்த மாசம்?"

மாதத்தைச் சொன்னேன். அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

"அப்பத்தான் நான் திரும்ப வேலைக்குப் போனேன். பிரட்டுல பேர் போட்ட மொத மாசம்," என்றார். விரலை எடுக்கவில்லை. "நான் காலையில போயிட்டு மத்தியானம் வந்திருக்கேன். அதுக்கே இப்படிப் படுத்திருக்கு."

டின் இருந்த அலமாரியை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கார்டைக் கொடுத்தாலும் வாசித்தார். லயத்தில் இருந்த எல்லாக் கார்டும் எங்கள் வீட்டுக்கு வந்துபோயின.

பரீட்சை டவுனில் நடந்தது. அண்ணன் அரைநாள் வேலையை விட்டு எங்களோடு வந்தான். நாங்கள் இருவரும் வெளியே மரத்தடியில் நின்றோம். அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "வருமா?" எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து கொட்டினார்.

"எழுத்துல ஏழு கேள்வி விட்டுட்டேன். எல்லாம் ஏ பிளாக்கு. பதினேழாவது மரத்துகிட்ட நின்னுட்டேன் புள்ள, கை மட்டும் வெட்டுது. பரீட்சை பாக்க நின்ன ஐயா ஒரு மாதிரிப் பாத்தாரு."

"வாயால கேட்டது?"

"ஒரு சிங்கள மிஸ் இருந்தாங்க. ஒரு கார்டத் தந்து, 'மே லமயாட மொகத வெலா?'ன்னு கேட்டாங்க. இந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சுன்னா எனக்கு என்னா தெரியும்? கோடு ரெண்டு மாசம் படுத்துக் கெடக்கு. நான் சிங்களத்துலயே திருப்பிக் கேட்டேன், 'மிஸ், இந்த ரெண்டு மாசமும் அம்மா எங்க போனாங்க?'ன்னு."

"அதுக்கு?"

"சிரிச்சாங்க. 'அது நான் ஒங்ககிட்ட கேட்க வச்சிருந்த அடுத்த கேள்வி'ன்னாங்க, தங்கச்சியக் கூப்பிடுற மாதிரி 'நங்கி'ன்னு."

முன் சீட்டில் இருந்த அண்ணன் திரும்பவில்லை. அவன் காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

மார்கழியில் கடிதம் வந்தது. அண்ணியை எடுத்திருக்கிறார்கள், ஆனால் முதல் ஆறு மாதம் தற்காலிகமாகத்தான். அந்த ஆறு மாத முடிவில் அந்த மிஸ்ஸே வந்து பார்ப்பார். பிள்ளைகளை மட்டுமல்ல, அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளையின் கார்டை வாசிக்கத் தெரிகிறதா என்றும் கேட்பார். அது திருப்தியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம். நிரப்பி அனுப்ப வேண்டிய பாரத்தில் ஒட்டப் படம் கேட்டிருந்தார்கள். அண்ணன் டின்னைத் திறந்து நான்கில் இரண்டை எடுத்துக் கொடுத்தான். மற்ற இரண்டையும் திரும்ப உள்ளே வைத்து மூடினான்.

என்னுடைய முடிவும் வந்தது. புவியியலில் சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ். நான்கு பக்கப் பருவக்காற்று அவ்வளவுதான் பெற்றுத் தந்தது. திரும்ப எழுதப் போகிறேன். இந்தத் தடவை வாசலில் கத்தப் போவதில்லை. மழையை வெளியே போய்ப் பார்க்கப் போகிறேன்.

இப்போது தை. ரப்பர் மரங்கள் இலை சிவந்து கொட்டிக்கொண்டிருக்கின்றன. அண்ணி பிள்ளைக்காம்பராவில் மூன்று வாரமாக இருக்கிறார். மகள் அவர் முந்தானையை விட்டு விலகுவதில்லை. அதுவே ஒரு தொல்லை என்று சிரிக்கிறார். ஆனால் இன்னொரு தொல்லைதான் அவருக்குப் பெரிது. மத்தியானம் பிள்ளைகளை எடுக்க வருகிற அம்மாக்களிடம் கார்டை விரித்து அண்ணி விளக்குகிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். "சரிங்க, சரிங்க" என்கிறார்கள். அடுத்த நாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை.

நேற்று அண்ணி கோபத்தோடு வந்தார். "நீ எனக்கு மொதல்ல சொல்லிக்குடுத்த மாதிரியே நானும் சொல்லிக்குடுக்கிறேன் புள்ள. அதான் ஏறல."

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலித்தது. இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தோம். மரம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். அக்காவைக் கூட்டிவந்து எல்லோரோடும் சண்டை பிடிக்கவிடலாம் என்றேன். "அந்தக்கா வந்தா புள்ளைங்க எல்லாம் அழும்," என்றார். பிறகு அவர்தான் கேட்டார்: "கார்டுல என் மகளோட கோடு எனக்கு ஏன் ஒட்டிக்கிச்சு? நீ சொல்லல, நானே தேடினேன்." அப்படியானால் அந்த அம்மாக்களும் எடையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தாங்களே தேட வேண்டும்.

நாளைக் காலை பிள்ளைகளை நிறுக்கிற நாள். உத்தரத்தில் தராசு தொங்கவிட்டாகிவிட்டது. பிள்ளையைத் தராசில் வைப்பதற்கு முன்னால், அம்மாவின் கையில் ஒரு பென்சிலைக் கொடுக்கப் போகிறோம். இந்த மாதம் கோடு ஏறியிருக்குமா, படுத்திருக்குமா, அவர்களே ஒரு புள்ளி வைக்கட்டும். ஏன் அங்கே வைத்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பிறகுதான் நிறுப்போம். இரண்டு புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தவறாக வைத்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பென்சிலே பிடித்திராத கைகள் அங்கே பாதிக்கு மேல். அவர்களுக்கு என்ன செய்வது என்று அண்ணி கேட்டார். ஒரு துளி ரப்பர் பாலை விரலில் தொட்டு வைக்கச் சொல்லலாம் என்றேன். காய்ந்தால் உரித்துவிடலாம். அண்ணி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து, நாளைப் பாலுக்காகக் கழுவி, டின்னுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.